கதிர் முதல் ரோட்டர் வரை: அதிர்வை அடக்கிய கதை

சுற்றுகிற பொருள் எதுவானாலும் தன் எடையின் நடுப்புள்ளியைத் தேடித்தான் சுற்றப் பார்க்கும். நாம் கடைசலில் பிடித்துச் செய்த நடுப்புள்ளியும் அந்த எடையின் நடுப்புள்ளியும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டால் சத்தம் இல்லை, சண்டை இல்லை. மயிரிழை விலகினாலும் உதறல் தொடங்கிவிடும். அருப்புக்கோட்டை நூற்பாலையில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் ஸ்பிண்டிலுக்கும் இந்த நோய் உண்டு. நிமிடத்துக்கு 353 சுற்று சுற்றும் சேத்தக் ஹெலிகாப்டரின் ரோட்டருக்கும் உண்டு. முதலாவதோடு எங்கய்யா வேலைக்காலம் முழுக்க மல்லுக்கட்டினார். இரண்டாவதோடு விமானப்படையில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த நான் மல்லுக்கட்டினேன். இரண்டு வேலைக்கும் உள்ள உறவு ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு முழுதாகப் பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் சீமை மழை பொய்க்கும் சீமை. 1985 வரை ராமநாதபுரம் மாவட்டமாக இருந்து, பிறகு விருதுநகரோடு சேர்ந்தது. திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் மணல்தான் பெரும்பாலான மாதங்களில் தெரியும். ஆனால் கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தை நம்பிக் கருங்கண்ணிப் பருத்தி விளைந்தது. பருத்தி இருந்ததால் நூற்பு இருந்தது. நூற்பு இருந்ததால் அருப்புக்கோட்டையில் தறியும் சாயப்பட்டறையும் தெருத்தெருவாக நிலைத்தன. ஆலைகள் இந்த மண்ணில் வந்து ஊன்றியதும் அந்தப் பழைய தொழிலின் மேல்தான்.

ஆலைக்கு முன்னால் ராட்டை. ராட்டையில் நூலை முறுக்கேற்றிச் சுற்றிக்கொள்ளும் இரும்புக் கம்பிக்குக் கதிர் என்று பெயர். கதிர் கொஞ்சம் கோணினாலும் முனை ஆடும்; ஆடினால் இழை ஒரு இடத்தில் தடித்து இன்னொரு இடத்தில் மெலிந்து அறும். அதனால் நூற்கும் பெண்கள் கதிரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உருட்டிப் பார்த்து, கோணல் இருக்கும் இடத்தில் மெல்லத் தட்டி நிமிர்த்துவார்கள். சுழலும் பொருளின் அதிர்வைக் குறைக்க எங்கள் ஊரில் நடந்த முதல் வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

எங்கய்யா ரிங் பிரேம் பகுதியில் பிட்டர். ஒரு பிரேமில் இரண்டு பக்கமும் சேர்த்து நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் பாபின். அதைச் சுற்றி ரிங். ரிங்கின் மேல் நகத்தைவிடச் சிறிய டிராவலர் ஓடும். ஸ்பிண்டில் ரிங்குக்கு நட்டநடுவில் நிற்கவேண்டும். நிற்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்து, அடியிலுள்ள நட்டைத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி இறுக்குவது அவருடைய அன்றாட வேலை. கேஜ் சொல்லாததைக் காது சொல்லும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஸ்பிண்டில் நிற்கும் போல்ஸ்டரில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து அழுத்திக் கேட்பார். சீரான இரைச்சல் என்றால் அடுத்ததுக்குப் போவார். கரகரப்பு என்றால் எண்ணெய் வற்றியிருக்கும். விட்டுவிட்டு முனகினால் அடித்தாங்கி தேய்ந்திருக்கும். பிரேமின் ஒரு பக்கத்தைக் கவனித்துச் சைடு பார்க்கும் பெண்கள், "அண்ணே, இந்தக் கதுரு ஆடுது, இழை நிக்க மாட்டேங்குது" என்று கூப்பிட்டால் கேஜை எடுக்கும் முன் காதைத்தான் முதலில் கொண்டுபோவார்.

சிறுவயதில் நான் அவரிடம் கேட்டிருக்கிறேன்: ஆடுகிறதை ஆடாமல் இறுக்கிப் பிடித்துவிட்டால் என்ன? அவர் சொன்ன பதில்: "இறுக்கிப் பிடிச்சா சாமானும் போயிரும், பிடிச்சதும் போயிரும்ப்பா. ஆட இடம் குடுக்கணும். ஆட்டத்த எண்ணெய் வாங்கிக்கிடும்."

இந்த அறிவு உலகத்துக்கு வந்துசேர்ந்த கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆலை ஸ்பிண்டில்களைத் தடித்த இரும்பில் செய்து, இறுக்கமான தாங்கியில் நிறுத்தினார்கள். வேகத்தைக் கூட்டினால் உதறிற்று. உதறலைத் தடுக்க இன்னும் தடிமனாக்கினார்கள். அது இன்னும் அதிகச் சக்தியைத் தின்றது. 1871இல் அமெரிக்காவில் ஜேக்கப் சாயர் ஸ்பிண்டிலின் எடையைக் குறைத்தார். தாங்கியைப் பாபினுக்குள்ளேயே உயர்த்தி, எடை விழும் இடத்துக்கு அருகில் பிடிமானம் கொடுத்தார். அதே பத்தாண்டில் பிரான்சிஸ் ரபெத் இன்னொரு படி போனார். ஸ்பிண்டிலைத் தாங்கும் குழலை எண்ணெய் நிரம்பிய கூட்டுக்குள் சற்றுத் தளர்வாக நிறுத்தினார். சுழலும்போது அது நகர்ந்து தன் மையத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. இன்றைக்கு நிமிடத்துக்கு 20,000 சுற்றை நெருங்கும் ஸ்பிண்டில்களிலும் போல்ஸ்டருக்குள் எண்ணெயும், அதிர்வை விழுங்கும் சுருளும்தான் வேலை செய்கின்றன.

அதற்கடுத்த பத்தாண்டில் சுவீடனில் குஸ்தாவ் டி லாவல் தன் நீராவி டர்பைனை நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓட்டப் பார்த்தார். தடித்த அச்சு தாங்கவில்லை. அவர் அச்சை மெலிதாக்கினார். வளையும் அளவுக்கு மெலிதாக்கினார். ஓடத் தொடங்கும்போது கொஞ்சம் நடுங்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டிவிட்டால் சட்டென்று அமைதி. அந்த உச்சத்தைத் தாண்டி எந்த அச்சும் ஓட முடியாது என்று ஸ்காட்லாந்துப் பேரறிஞர் ராங்கின் 1869இல் எழுதியிருந்தார். ஓடும் என்று லாவல் ஓட்டிக் காட்டினார். ஏன் ஓடுகிறது என்பதை அயர்லாந்துப் பொறியாளர் ஹென்றி ஜெஃப்காட் 1919இல் கணக்கால் விளக்கினார். உச்ச வேகத்துக்குக் கீழே கனத்த பக்கம் வெளியே எறியப்படுகிறது. மேலே போனதும் பொருள் தன் எடையின் நடுப்புள்ளியைச் சுற்றியே சுழல ஆரம்பித்துவிடுகிறது. பட்டறைக்காரர் செய்துகாட்டியதற்குக் கணக்கு வந்துசேர முப்பது ஆண்டுகள் ஆயின.

ஹெலிகாப்டரில் இந்தச் சிக்கல் பல மடங்கு. ஸ்பிண்டில் நின்ற இடத்தில் சுற்றுகிறது. ரோட்டரோ சுற்றிக்கொண்டே முன்னாலும் போகிறது. முன்னோக்கி வரும் பிளேடு காற்றை வேகமாக வெட்டும். பின்னோக்கிப் போகும் பிளேடு மெதுவாக வெட்டும். ஒரு பக்கம் தூக்கல் அதிகம், மறுபக்கம் குறைவு. இதனால் சுழல் இறக்கை வைத்த தொடக்ககால இயந்திரங்கள் கிளம்பியதும் ஒருபக்கமாகக் கவிழ்ந்தன. ஸ்பெயின்காரர் ஹுவான் டி லா சியர்வாவின் முதல் இயந்திரங்களுக்கும் அதே கதிதான். பிறகு அவர் பிளேடின் வேரில் ஒரு கீல் வைத்தார். தூக்கல் கூடிய பக்கம் பிளேடு மேலே எழும், குறைந்த பக்கம் கீழே இறங்கும். காற்றுக்குப் பனையோலை வளைந்து கொடுப்பதுபோல. 1923 ஜனவரியில் அவருடைய சி.4 நேராகப் பறந்தது. சில ஆண்டுகள் கழித்து, பிளேடுகள் முன்னும் பின்னும் இழுபடுவதால் வேரில் ஏறும் சுமையையும் உணர்ந்து, பக்கவாட்டில் அசைய இரண்டாவது கீலையும் சேர்த்தார். எங்கய்யா சொன்ன அதே பாடம்: ஆட இடம் கொடுக்கவேண்டும், ஆட்டத்தை வாங்கிக்கொள்ள ஒன்றை வைக்கவேண்டும். இங்கே அதை வாங்கிக்கொள்வது டேம்பர்.

இந்தியாவில் ஹெலிகாப்டர் கட்டும் வேலை பிரெஞ்சு அலூயட்-3 மூலம் வந்தது. 1962இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1965இல் பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய முதல் இயந்திரம் பறந்தது. அதற்குச் சேத்தக் என்று பெயர் வைத்தோம். மூன்று பிளேடு, 11 மீட்டர் விட்டம். பிளேடின் முனை நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் போகும். ஒவ்வொரு பிளேடையும் பல டன் விசை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். பிளேடுகள் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி மாறாமலிருக்க நடுவே கம்பிகள் கட்டியிருக்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு டேம்பர்கள் உண்டு.

தாம்பரத்தில் பயிற்சி முடித்து வந்த எங்களுக்கு முதலில் பயத்தோடு சொல்லிக்கொடுத்த பாடம் தரை ஒத்ததிர்வு. தரையில் நிற்கும்போது பிளேடுகளில் ஒன்று சற்று முந்தினாலும் பிந்தினாலும் மொத்த ரோட்டரின் எடைமையம் நடுவிலிருந்து விலகும். அது உடலை ஒருபக்கம் இழுக்கும். உடல் சக்கரங்களின் மேல் ஆடும். அந்த ஆட்டம் பிளேடுகளை இன்னும் விலக்கும். ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போட, சில நொடிகளில் முழு இயந்திரமும் சிதறிப்போக முடியும். அமெரிக்காவில் கோல்மன், ஃபெயின்கோல்ட் ஆகியோர் 1940களில் இதன் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் கணக்கு சொன்ன மருந்து இரண்டு: பிளேடு வேரில் நல்ல டேம்பர், சக்கரத்தின் காலில் நல்ல டேம்பர். ஆகவே டயர் காற்றைக்கூட நாங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்போம். தரையில் மெல்ல உலுக்கத் தொடங்கும்போதே விமானி முடிவெடுக்கவேண்டும்: சட்டென்று மேலே கிளப்பவேண்டும், இல்லையென்றால் உடனே எஞ்சினை நிறுத்தவேண்டும்.

அன்றாட வேலை டிராக்கிங். மூன்று பிளேடு முனைகளும் ஒரே தளத்தில் சுற்றவேண்டும். அவற்றில் ஒன்று மட்டும் இரண்டு விரல்கடை உயரமாகப் போனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குத்து விழும். எங்களுக்கு முந்திய தலைமுறை இதைக் கொடி வைத்துப் பார்த்தது. ஒவ்வொரு பிளேடின் முனையிலும் வெவ்வேறு நிறச் சாக்கைத் தேய்ப்பார்கள். நீண்ட கம்பத்தில் சட்டம் கட்டி, அதில் கித்தான் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். ரோட்டர் முழு வேகத்தில் சுற்றும்போது ஒருவர் அந்தக் கம்பத்தைத் தூக்கி, விமானியின் கண்ணில் படும் இடத்தில் நின்று, மெல்லச் சாய்த்துப் பிளேடு முனைகள் துணியை உரசும்படி கொண்டுபோவார். ஒரு உரசல், உடனே விலகல். துணியைப் பார்த்தால் மூன்று நிறக் கோடுகள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் சரி. சிவப்பு மேலே, நீலம் கீழே என்றால் அந்தந்தப் பிளேடின் சாய்வை மாற்றும் கம்பியான பிட்ச் லிங்கைத் திருகி நீளத்தை மாற்றுவார்கள், அல்லது பின் ஓரத்தில் உள்ள சிறு தகட்டை வளைப்பார்கள். இந்த முறையைச் செய்துகாட்டிய மூத்த சார்ஜென்ட்டின் மணிக்கட்டை நான் இன்னும் மறக்கவில்லை. நொடிக்கு 200 மீட்டர் போகும் உலோகத்தைத் துணியால் தொடும் அளவுக்கு நிதானம் அதில் இருந்தது.

பிறகு ஸ்ட்ரோப் விளக்கு வந்தது. பிளேடு முனையில் ஒளி திருப்பும் பட்டையை ஒட்டி, சுழற்சியோடு சேர்ந்து மின்னும் விளக்கை அடித்தால் ஓடும் பிளேடுகள் நின்றதுபோலத் தெரியும்; ஏற்றத்தாழ்வைக் கண்ணால் படிக்கலாம். அதற்கடுத்து உணரிகளும் வட்ட வரைபடத் தாளும் வந்தன. அதிர்வு எவ்வளவு, கடிகார முள் போல எந்தத் திசையில் என்று புள்ளி வைத்தால், எந்தப் பிளேடில் எத்தனை கிராம் ஏற்றவேண்டும் என்று தாள் சொல்லிவிடும். இப்போது கணினியே இயந்திரம் பறக்கும்போது எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது.

ஆனால் காதின் பங்கைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. 1943இல் ஜெர்மனியின் யுமோ 004 ஜெட் எஞ்சினில் டர்பைன் பிளேடுகள் தொடர்ந்து முறிந்தன. காரணம் தேடிய மாக்ஸ் பெண்டலே, எரியறைகள் ஆறும் பின்னாலுள்ள தாங்குகள் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் பிளேடைத் தட்டுவதையும், அந்தத் தட்டல் பிளேடின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போவதையும் கண்டார். பிளேடின் சொந்தச் சுரத்தை அறிய ஒரு இசைக்கலைஞரை அழைத்து, வயலின் வில்லால் பிளேடுகளை மீட்டவைத்துச் சுரம் சொல்லச் சொன்னார்கள். தீர்வாகப் பிளேடை ஒரு மில்லிமீட்டர் குறைத்து, முனைப்பக்கம் இன்னும் மெலிய வைத்து, எஞ்சினின் உச்ச வேகத்தை 9,000 சுற்றிலிருந்து 8,700 ஆக இறக்கினார்கள். வில்லைப் பிடித்த அந்தக் கலைஞருக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்த எங்கய்யாவுக்கும் வேலை ஒன்றுதான்.

பிளேடின் அதிர்வைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் நாடும் கண்டிருக்கிறது. 1993 மார்ச் 31 அதிகாலை உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில், டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு பிளேடுகள் அதிர்வால் சோர்ந்து முறிந்தன. சமநிலை குலைந்த டர்பைன் உலுக்கிய உலுக்கலில் குழாய்கள் உடைந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. நிலையம் 17 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. பணியாளர்கள் துணிந்து செயல்பட்டதால் உலை காப்பாற்றப்பட்டது. தொடங்கிய இடம் இரண்டு பிளேடு.

என் பணியின் பிற்பகுதியில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் துருவ் ஹெலிகாப்டர் வந்தது. 1984இல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து தொடங்கிய வேலை. முதல் மாதிரி 1992 ஆகஸ்ட் 20இல் பறந்தது. 2002இல் படைகளுக்கு வந்தது. இதன் ரோட்டரில் பழைய கீல்கள் இல்லை. நாரும் பிசினும் சேர்த்து வார்த்த நான்கு பிளேடுகள் தங்கள் வேரிலேயே வளைந்து கொடுக்கும். 1967இல் பறந்த ஜெர்மானிய போ-105 ஹெலிகாப்டரில் வெற்றிபெற்ற வழி அது. கீல் இல்லாததால் தேய்மானமும் பராமரிப்பும் குறைவு. விமானி கையை அசைத்ததும் இயந்திரம் கேட்கும். ஆனால் அதற்கு விலை உண்டு: ரோட்டரின் உதறல் நேராக உடலுக்கு வந்துசேரும்.

நிமிடத்துக்குச் சுமார் 314 சுற்று, நான்கு பிளேடு. அப்படியென்றால் நொடிக்கு 21 முறை உடலுக்கு ஒரு தட்டு. எவ்வளவு துல்லியமாகப் பேலன்ஸ் செய்தாலும் இது போகாது. காற்றிலிருந்து பிறக்கும் தட்டு இது. இதைத் தடுக்கக் கியர்பெட்டிக்கும் உடலுக்கும் நடுவே நான்கு இடங்களில் ஏ.ஆர்.ஐ.எஸ். என்ற அமைப்பை வைத்தார்கள். அதற்குள் ஒரு வில்லும் ஒரு எடையும். வில் உடலை ஒரு பக்கம் தள்ளும்போது எடை அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளும். அந்த 21 தட்டு என்ற வேகத்துக்கு மட்டும் இரண்டும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். 1909இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃப்ராம் கப்பலுக்கும் இயந்திரத்துக்கும் கண்டுபிடித்த அதிர்வு உறிஞ்சியின் பரம்பரைதான் இதுவும். ஆட்டத்தை அடக்க அதற்கு எதிராக ஆடும் ஒன்றை வைக்கும் வழி.

கதிரைத் தட்டி நிமிர்த்திய கையிலிருந்து ஏ.ஆர்.ஐ.எஸ். வரை ஒரே நேர்கோடு போகிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதிர்வை வென்றவர்கள் யாரும் அதை இறுக்கிப் பிடித்து வெல்லவில்லை. ரபெத், லாவல், சியர்வா, துருவை வடிவமைத்தவர்கள் எல்லோரும் சுழலுக்கு இடம் கொடுத்து, அதன் ஆற்றலை எண்ணெயிலோ ரப்பரிலோ எதிர் எடையிலோ வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பெயர்களைப் புத்தகம் காப்பாற்றிவிட்டது. எங்கள் வறண்ட சீமையின் ஆலைகளில் இதே உண்மையைக் காதாலும் விரல் நுனியாலும் அறிந்திருந்த பிட்டர்கள், மேஸ்திரிகளான ஜாபர்கள், சைடு பார்த்த பெண்களின் அறிவுக்கு எந்தப் புத்தகமும் இல்லை. கோயம்புத்தூரில் 1956இல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இயந்திரங்களை அளந்து எழுதிவைத்திருக்கிறது. அந்த இயந்திரங்களோடு பேசிய மனிதர்களைப் பற்றியும் ஒருவர் எழுதவேண்டும்.

அருப்புக்கோட்டையிலும் சுற்றுப்பட்டியிலும் உள்ள ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அதிர்வு பற்றிய பாடம் எடுக்கும் வாரத்தில் ஓய்வுபெற்ற ஒரு மில் பிட்டரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். ஓடும் மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து என்ன கேட்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஆலையில் வேலை பார்த்த தாத்தாவோ அத்தையோ சித்தப்பாவோ இருந்தால், கைபேசியை முன்னால் வைத்து அவர்களைப் பேசவிடுங்கள். எந்தச் சத்தத்துக்கு என்ன பழுது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.